தேயும் துணியும் தேயாத டெஃப்லானும்

இசையரங்கில் வீற்றிருக்கும் பெரிய பியானோவைக் காண்போர், அதன் பளபளக்கும் மரத்தையும் 88 கட்டைகளையும் கண்டு வியப்பர். அக்கருவியின் நலம் அரைவிரல் அகலமும் இல்லாத கம்பளித் துண்டுகளைச் சார்ந்தது என்பதை அறிவோர் சிலரே. அத்துண்டுகளின் வரலாறு, தேய்மானம் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணத்தையே திருத்த வல்லது.

பியானோவில் விரல் கம்பியைத் தொடுவதில்லை. அழுத்தப்பட்ட கட்டை நெம்புகோல்களை உயர்த்த, அவை சுத்தியலைக் கம்பியின்மீது எறிகின்றன. இவ்வமைப்பை 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கினார். 1821இல் எரார் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற புதிய அமைப்பு, கட்டை முழுவதும் மேலெழுமுன்பே அதே சுரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்தது. விரைவு கூடியது; அசையும் மூட்டுகளும் பெருகின.

ஒவ்வொரு மூட்டிலும் மரத்துளையினூடே மெல்லிய உலோக அச்சு ஒன்று செல்லும். அச்சு மரத்தை உராயாதபடி துளையின் உட்புறத்தில் கம்பளித் துணி ஒட்டப்படும். இதனைப் புஷ் என்பர். ஆண்டுக்கணக்கில் வாசிக்கத் துணி தேய்கிறது; சுத்தியல் ஆட்டங்கண்டு, கம்பியைப் பிறழ்ந்து அடிக்கிறது. அப்போது தொழில்வல்லார் பழைய அச்சை நீக்கிச் சற்றே பருத்த அச்சைப் பொருத்துவர். துணி மிகவும் நைந்திருந்தால் அதனைக் களைந்து புதுத்துணி இடுவர். ஈரம் மிகுந்து துணி பருத்தாலோ, இறுகிய மூட்டைத் தளர்த்துவர்.

இந்த ஓயாத பணிக்கு முடிவுகாண விழைந்தது ஸ்டைன்வே நிறுவனம். 1853இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், 1962இல் அங்குத் துணியைக் கைவிட்டு டெஃப்லான் புஷ்களைப் பொருத்தலாயிற்று. 1938இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லான் வழுவழுப்பானது, நீரை உறிஞ்சாது, பூச்சி அரிக்காது. இனிக் குறையேது என்றே தோன்றியது.

ஆனால் டெஃப்லானைச் சூழ்ந்திருந்தது மரம் அன்றோ? மரம் காற்றின் ஈரத்திற்கேற்ப விரியும், சுருங்கும். மென்மையான துணி அதற்கு விட்டுக்கொடுத்தது. டெஃப்லானோ தன்னிலை மாறவில்லை. பருவம் மாறியபோது சில மூட்டுகள் தளர்ந்தன, சில இறுகின. இசைக்கு நடுவே 'டிக்' என்னும் ஓசை எழுந்தது. துணிக்குப் பழகிய கைகள் புதிய செப்பமுறையைக் கற்கவேண்டியதாயிற்று. அந்நிறுவனத்தின் ஹாம்பர்க் தொழிற்கூடம் துணியை விடவேயில்லை. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கும் துணிக்கே திரும்பியது.

அவ்விருபது ஆண்டுகளில் பிறந்த பியானோக்கள் பல இன்றும் ஒலிக்கின்றன. டெஃப்லானைப் பேணுவதா, மூட்டுகளையே மாற்றித் துணிக்குத் திரும்புவதா என்னும் வினா அவற்றைச் செப்பனிடுவோர்முன் நிற்கிறது. நன்கு பொருத்தப்பட்ட டெஃப்லான் மூட்டு நெடுநாள் உழைப்பதும் உண்டாதலின், அவ்வினாவுக்கு ஒரே விடை இல்லை.

எனினும் ஓர் உண்மை தெளிவாகிறது. தேய்வது எப்பொழுதும் குறையன்று. துணி தேய்வதால்தான் அச்சும் மரமும் காக்கப்படுகின்றன. தேய்ந்ததை மாற்றுவதற்கு அறிந்த கையும் பொறுமையும் வேண்டும். அக்கையே வேண்டாதபடி செய்ய முனைந்த முயற்சி, முன்னினும் தேர்ந்த கையை வேண்டி நின்றது என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.