பெங்களூரில் குடியிருக்க ஓர் இடம்

பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊருக்கு எழுதினால், மறுமொழியில் வரும் முதல் வினா சம்பளத்தைப் பற்றியதாக இராது. “வீடு கிடைத்ததா? குடிக்கூலி என்ன?” என்பதாகவே இருக்கும். கடிதம் போய்க் கைபேசி வந்துவிட்ட இந்நாளிலும் அவ்வினா மாறவில்லை. பம்பாயில் மாதுங்காவிலும் தில்லியில் கரோல் பாக்கிலும் நம்மவர் கேட்ட கேள்வியும் அதுவே.

பெங்களூரில் அக்கேள்விக்கு விடை சொல்லப் பலர் உளர். வீட்டுத் தரகர், அடுத்த ஆண்டு வாடகை ஏறும் என்பார். மனை விற்போர், இப்போது வாங்காவிட்டால் என்றும் வாங்க முடியாது என்பர். ஆரூடம் சொல்வோர்க்கு ஆதாயம் இருக்கும்போது அந்த ஆரூடத்தைச் சற்று விலகி நின்று கேட்பது நல்லது. இந்நகரில் வீடுகளின் விலையும் வாடகையும் எப்போது, எதனால் ஏறின என்பதற்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதை நாம் ஒரு முறை புரட்டிப் பார்ப்போம்.

கெம்பே கவுடர் 1537-இல் நிறுவியதாகக் கூறப்படும் பேட்டை ஓர் ஊர். 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலப் படை இடம்பெயர்ந்து வந்து, அல்சூருக்கு அருகே பாளையமிறங்கிய கண்டோன்மெண்ட் மற்றோர் ஊர். இடையே பின்னர் கப்பன் பூங்கா அமைந்தது. பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் வழங்கின. சென்னைப் பட்டாளத்தோடு வந்த சிப்பாய்களும், அவர்களுக்குச் சாமான் விற்க வந்த வணிகரும், கட்டட வேலைக்கு வந்த கொத்தரும் சித்தாளும் கண்டோன்மெண்டில் தமிழ் பேசினர். நம்மவர் அதைத் ‘தண்டு’ என்றனர். இன்றும் சிவாஜி நகரில் தண்டு மாரியம்மன் அப்பெயரோடு வீற்றிருக்கிறாள். 1881-இல் மைசூர் ஆட்சி மன்னரிடம் திரும்பிய பின்னரும் தண்டுப் பகுதி பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆளுகையிலேயே நீடித்தது; 1947-இல்தான் மைசூருடன் இணைந்தது. ஆகவே நெடுங்காலம் இரு நகராட்சிகள், இரு வரிகள், இருவகை வீடுகள். பேட்டையில், ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் நெருங்கி வாழும் வரிசை வீடுகளைக் கன்னடத்தார் ‘வடார’ என்பர். நாம் சென்னையில் ஒண்டுக் குடித்தனம் என்று சொல்வதற்கு அது சகோதரம்.

1898 ஆகஸ்டில் பிளேக் வந்தது. ஹூப்ளியிலிருந்து இருப்புப் பாதை வழியே வந்தது என்பர். பேட்டையின் குறுகிய சந்துகளிலும், வெளிச்சம் புகாத தானியக் கிடங்குகளிலும் எலிகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர் விழுந்தனர். நோய் கண்ட வீடுகள் காலி செய்யப்பட்டன; ஊருக்கு வெளியே குடிசைகளும் முகாம்களும் எழுந்தன. 1891-இல் இரு பகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய 1,80,000 ஆக இருந்த ஜனத்தொகை, 1901 கணக்கெடுப்பில் 1,59,000 அளவுக்கு இறங்கியிருந்தது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு சிறு கோயில்கள் நகரில் இன்றும் உள்ளன.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. ஜனங்கள் பெருகும்போது வீட்டுக்குத் தேவை பெருகும் என்பது பொது விதி. பெங்களூரின் முதற்பெரும் விஸ்தரிப்போ ஜனங்கள் குறைந்த காலத்தில் நிகழ்ந்தது. சாமராஜப் பேட்டை 1892-இலேயே வகுக்கப்பட்டது. பசவனகுடியும் மல்லேசுவரமும் அதை ஒட்டித் திட்டமிடப்பட்டவை. பேட்டையில் அண்ணன் தம்பி கூடிவாழ்ந்த பெரிய வீட்டை விட்டு, காட்டு மல்லேசுவரர் கோயிலருகே பொட்டல் வெளியில் போய் வீடு கட்ட யார் துணிவர்? பிளேக் வந்த பிறகு துணிந்தனர். நேரான வீதி, வீட்டைச் சுற்றிக் காலி நிலம், பின்புறத்தில் துப்புரவுத் தொழிலாளர் வந்து போகத் தனிச் சந்து என்னும் அமைப்பு அச்சத்தின் விளைவாகப் பலித்தது. அந்தச் சந்தில் யார் நடந்தார், வீதியில் யார் குடியேறினார் என்பதில் சாதி தெளிவாகத் தெரிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

குடியேற்றம் நிலைத்தமைக்கு மற்றொரு காரணம் நீர். 1890-களின் நடுவில் ஹெசரகட்ட ஏரியிலிருந்து குழாய் நீர் நகருக்கு வந்தது. 1905 ஆகஸ்டில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் மின்சாரம் தெருவிளக்குகளை ஏற்றியது. குழாயும் விளக்கும் எட்டிய இடம் ஊராயிற்று.

தண்டுப் பகுதியில் இதே பாடம் வேறு விதமாகப் படிக்கப்பட்டது. ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் 1906-இல் தொடங்கிய பிரேசர் டவுன், எலி புகாத வீடுகளைக் கொண்ட மாதிரிப் பேட்டையாக வகுக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் வேர் கொண்டன. பம்பாய் வாசகர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்யலாம். 1896-இல் அந்நகரைப் பிளேக் தாக்க, 1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட்டின் தாதர்-மாதுங்கா திட்டத்திலிருந்தே அவர்களுடைய மாதுங்காவும் பிறந்தது. நம்மவர் இட்லிக்கடை வைத்துப் பெயர் பெற்ற இடம் எலிக்கு அஞ்சி வகுத்த இடம்!

அடுத்த பேரலை போரோடு வந்தது. 1940-இல் விமானத் தொழிற்சாலை தொடங்கியது. போர் முடிந்ததும் 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1941-இல் 4 இலட்சத்தை ஒட்டியிருந்த ஜனத்தொகை, பத்தே ஆண்டுகளில் சுமார் 8 இலட்சமாயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்தவர்கள் அதில் கணிசம். தொழிற்சாலைகள் சில தம் ஊழியருக்கு வீடுகள் கட்டித் தந்தன. ஆயினும் ஆலைக்குள் வேலை செய்பவன் ஒருவனானால், அவனுக்குக் காய்கறி விற்பவனும் துணி வெளுப்பவனும் வெளியே பலர். அவர்கள் ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் நெருக்கியடித்துக் கொண்டனர்.

1945-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு அமைந்தது. ஜயநகருக்கு 1948-இல் அடிக்கல் நாட்டியவர் அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜி. அடுத்த ஆண்டு தொடங்கிய மேற்குப் பகுதி விஸ்தரிப்புக்கு ராஜாஜி நகர் என்றே பெயரிட்டனர். கன்னட நாட்டின் தலைநகரில், சேலத்தில் வக்கீலாயிருந்த ஒருவரின் பெயரை முகவரியில் எழுதும் வாய்ப்பு இவ்வாறு நமக்கு வாய்த்தது. ஜயநகரில் மனை எடுக்கத் தொடக்கத்தில் பலர் தயங்கினர் என்று முதியோர் சொல்லக் கேட்கிறோம்; அவ்வளவு தொலைவாம் அது. இன்று அங்கே மனை வாங்க எண்ணுபவன் எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அக்காலம் முதல் பெங்களூரின் நாணயம் ரூபாயன்று, மனையே என்று சொல்லிவிடலாம். முப்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு அறுபது என்று அடிக்கணக்கைச் சொன்னால், அதுவே ஒரு குடும்பத்தின் அந்தஸ்தைச் சொல்லிவிடும். போர்டும், அதன் வாரிசாக 1976-இல் வந்த பெங்களூர் அபிவிருத்தி ஆணையமும் சந்தை விலைக்கு மிகக் குறைவாக மனைகளை ஒதுக்கின. மூலை மனைகள் மட்டும் ஏலத்துக்குப் போயின. ஒதுக்கீடு பெற மாநிலத்தில் பல்லாண்டு வசித்திருக்க வேண்டும். விண்ணப்பம் எத்தனை முறை போட்டோம் என்ற கணக்கும் உண்டு. ஆகவே மனை கிடைத்தவனுக்கு அது ஒரு பரம்பரைச் சொத்தளவு பரிசு. அதற்குமுன் வந்து சேர்ந்தவன் எசமானனானான். பின்னே வந்தவன் அவனுக்குக் குடிக்கூலி கொடுத்தான். நம்மவரில் இரு வகையினரும் இருக்கிறோம். ஆயினும் பின்னவரே மிகுதி.

வாடகைக்காரரைக் காக்க 1961-இல் மைசூர் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது குடியிருப்பவனைக் காத்தது. குடியேற வருபவனைக் காக்கவில்லை. பழைய வாடகைக்குக் கட்டுப்பட்ட வீட்டுக்காரர், புதியவரிடம் முன்னெச்சரிக்கையாகப் பெருந்தொகை கேட்டார். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பெங்களூர் வழக்கம் இன்றளவும் புதிதாய் வருவோரை மலைக்க வைக்கிறது. பழைய சட்டத்தை நீக்கி 1999-இல் இயற்றிய புதுச் சட்டம் 2001 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத முன்பணமே போதும் என்கிறது. மாதிரி என்பது மாதிரியே. மாநிலம் ஏற்றால்தான் சட்டம்.

மற்றொரு வழக்கத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் கூறுவதையே இங்கே ‘லீஸ்’ என்கிறார்கள். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பது. காலி செய்யும்போது தொகை முழுவதும் திரும்ப வரும். கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்கு இதுதான்: வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டாயிருக்கும்போது, 10 இலட்சம் ரூபாய் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு மாதம் 10,000 ரூபாய் வாடகை வந்ததற்குச் சமம். வட்டி ஆறாக இறங்கினால் அவர் 20 இலட்சம் கேட்பார். ஆகவே வாடகை ஏறாத ஆண்டிலும் ஒத்தித் தொகை ஏறும். ஆபத்து கணக்கிலன்று, பத்திரத்தில். வீடு முன்னரே வங்கியில் அடகு வைக்கப்பட்டிருந்தால், கடன் நிலுவைக்காக வங்கி அதை ஏலம் விடும்போது, ஒத்திக்குக் குடியிருப்பவன் வாழ்நாள் சேமிப்பைக் கையில் ஒரு முத்திரைத் தாளாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கவே பதினொரு மாத ஒப்பந்தம் ஊர் வழக்காயிற்று. மாத வாடகைக்கு அது போதலாம். இலட்சக்கணக்கான ஒத்திக்கு, வில்லங்கச் சான்று பார்த்துப் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. இதைச் சொல்லக் கூசி, “நம்ம ஊர்க்காரர்தானே” என்று இருந்துவிடுவோர் நம்மிடையே அதிகம்.

1981-இல் ஜனத்தொகை 29 இலட்சத்தைத் தாண்டியது. ஆணையத்தின் மனைகள் வந்த வேகம் ஆட்கள் வந்த வேகத்துக்கு ஈடாகவில்லை. இடைவெளியில் இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, ஊழியர் வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள். அரசாங்கமே விவசாயியின் நிலத்தை எடுத்துச் சங்கங்களுக்குக் கொடுத்தது. தரகர்களை இடையே வைத்து நடந்த அத்தகைய நில எடுப்பு ஒன்றை 1995-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மனைக்குப் பணம் கட்டியவரும் தவித்தனர், நிலம் இழந்தவரும் தவித்தனர். மற்றொன்று, ‘ரெவின்யூ மனை’. விளைநிலத்தை முறைப்படி மாற்றாமல், திட்ட அனுமதியும் பெறாமல், சுண்ணாம்புக் கோடு போட்டு விற்பது. விலை குறைவு, அதனால் ஏழை வாங்கினான். சாலையும் சாக்கடையும் பின்னர் வரும் என்றனர். பல இடங்களில் தேர்தலுக்குத் தேர்தல் வந்தன. அப்படிப்பட்ட சொத்துகளையே மாநகராட்சி ‘பி காத்தா’ என்று தனிப் பதிவேட்டில் எழுதி வரி வாங்கியது. வரிச் சீட்டு உரிமைப் பத்திரமாகாது என்பது பலருக்கு விற்கப்போகும்போதுதான் விளங்கிற்று.

மென்பொருள் அலை நாம் கண்முன் கண்டது. 1985-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இங்கே கிளை தொடங்கியது. ஆங்கிலோ-இந்தியருக்கென 1882-இல் அமைந்த குடியேற்றமாகிய ஒயிட்பீல்டு, 1990-களின் பின்பகுதியில் கண்ணாடி மாளிகைகளின் ஊராயிற்று. முன்னே தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானது போலவும், சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமானது போலவும், புறநகரில் பல ஏரிகளின் மேலும் வாய்க்கால்களின் மேலும் வீடுகள் எழுந்தன. 2022 செப்டம்பர் மழையில் கிழக்குப் புறநகரின் விலையுயர்ந்த வீடுகளிலிருந்து செல்வந்தர் டிராக்டரில் வெளியேறினர். 2024 கோடையில் அதே பகுதிகளில் குடிநீர் லாரிக்குக் காத்திருந்தனர். மழையில் மிதப்பதும் வெயிலில் வறள்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஐ.டி. ஊழியர் ஊருக்குப் போக, 2020-இலும் 2021-இலும் அப்பகுதிகளில் வீடுகள் காலியாகக் கிடந்தன; 2022-இல் அலுவலகங்கள் திரும்ப அழைத்ததும் வாடகை துள்ளி ஏறியது. ஜனங்கள் விலகும்போது வாடகை இறங்கும். ஆனால் இறங்கியது நிற்பதில்லை.

இனி வருங்காலம். நாம் சோதிடரல்லோம், எண் சொல்லி ஏமாற்ற மாட்டோம். ஆயினும் ஹெசரகட்டக் குழாய் முதல் இன்று வரை ஒரு தடம் தெரிகிறது. நீர் எட்டிய இடத்தில் விலை நிலைக்கிறது. நீர் எட்டுமுன் ஏறும் விலை வாக்குறுதியின் விலை. 1933-இல் திப்பகொண்டனஹள்ளியும் 1974-இல் காவிரியும் நகருக்கு நீர் தந்தன. 2007-இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குக் காவிரி ஐந்தாம் கட்ட நீர் 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் அங்கே வாங்கியவர்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பினர். இப்போது வீட்டுக்கு வீடு இணைப்புத் தரும் வேலைதான் அங்கே விலையைத் தீர்மானிக்கும் என எண்ணுகிறோம், திறப்பு விழாவன்று. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரம் வரை ஓடத் தொடங்கிய மெட்ரோவை ஒட்டியும் வாடகை ஏறும். ஓசூரிலிருந்து வேலைக்கு வருவோர்க்கு இது நற்செய்தி. எல்லைக்கு இப்பால் வீடு கட்டிக்கொண்டு, பொம்மசந்திரத்தில் வண்டி ஏறி நகருக்குள் வேலைக்குப் போவது இனி எளிது. ஓசூர் மனைகளின் விலையும் அதை அறிந்துகொண்டதுதான் வருத்தம்.