பின்சக்கரம் மடங்கிய வண்டி

ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றி எங்கள் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகளைக் கேட்டுப் பாருங்கள், "பின்னாடி சக்கரம் மடங்குற வண்டி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மேச்சேரியில் மேட்டூர் ரோட்டோரம் பல வருடம் பட்டறை வைத்திருந்தவன் நான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அம்பாசடர், பியட், ஹெரால்டு என மூன்றே கார் ஓடிய அந்தக் காலத்தில், ஓட்டுகிறவன் கைக்கு ரோட்டைத் தெரியவைத்த கார் ஹெரால்டுதான். அதை யாரும் சொல்வதில்லை.

1959-இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. சேஸிஸ் தனி, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். கூரையை மாற்றினால் அதே வண்டி கூப்பே ஆகிவிடும். அங்கே முதல் வருடமே கூப்பேயும் விற்பனைக்கு வந்தது. அந்தச் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். 1966-இல் அதிலிருந்து ஆறு சிலிண்டர் ஜிடி6 கூப்பே வந்தது. ஆக, நம் ஊர் டாக்டரும் ஆலை அதிகாரியும் குடும்பத்தோடு போன வண்டிக்கு அடியில் இருந்தது ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பு.

நமக்குக் கிடைத்தது இரண்டு கதவு சலூன். 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரானது. 948 சிசி எஞ்சின்; குதிரைத்திறன் 40-ஐத் தொடாது. ஆனால் எடை சுமார் 800 கிலோதான். அம்பாசடரோ ஒரு டன்னைத் தாண்டும்.

ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன். வீலை லேசாகத் திருப்பினாலே மூக்கு திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் முழு வண்டியும் சுற்றி வந்துவிடும். ஆட்டுச் சந்தை கலைகிற நேரத்தில், கயிறும் கிடாயுமாக ஆட்கள் ரோட்டை அடைத்து நிற்கும்போது, அம்பாசடர்க்காரர் முன்னும் பின்னும் எடுத்துத் திணறுவார். ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிப் போய்விடும். ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஓமலூர் ரோடு அன்றைக்கு ஒற்றைத் தார்ப்பட்டை. எதிரே பஸ் வந்தால் இடதுபக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கியாக வேண்டும். பள்ளத்தின் அடி அந்தச் சக்கரத்தோடு நின்றுவிடும், மறுபக்கத்துக்குப் போகாது.

சிக்கல் பின்பக்கத்தில். டிஃப்பரன்ஷியலுக்கு மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். ஆக்ஸில் மடங்குவது டிஃப்பரன்ஷியலை ஒட்டிய ஜாயின்ட்டில் மட்டும். சக்கரத்துப் பக்கம் ஜாயின்ட் கிடையாது. அதனால் ஆக்ஸில் சாய்கிற அளவுக்குச் சக்கரமும் சாயும். ஆள் தனியாக வேகமாக வளைவுக்குள் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் கால் மடிந்த ஆடு மாதிரி உள்ளே சுருளும். டயரின் ஓரம் மட்டும் ரோட்டைப் பிடிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபின் ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதிப்பவனிடம் அதே வண்டி அடங்கி ஓடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

அதற்கு நேர்மாறான தொல்லை லோடு. பின்சீட்டில் நாலு பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் ஸ்பிரிங் தாழ்ந்து, சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும். வளைவில் பிடிப்பு கூடும், ஆனால் டயரின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்துவிடும். பட்டறைக்கு வந்தவர்களின் முக்காலே மூணுவீசம் புகார் இதுதான். வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் வேண்டுமென்றே ஸ்பிரிங்கைத் தாழ்த்திக்கொண்டது இதே பிடிப்புக்காகத்தான். இங்கும் சென்னைக்கு வடக்கே, போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டு ஓடியிருக்கிறது.

பிறகு நான்கு கதவு வந்தது. 1972-இல் வந்த கேஸல் என்ற அடுத்த மாடலில், நம் வாடிக்கையாளரும் மெக்கானிக்குகளும் விரும்பாத, பின்சக்கரம் மடங்கும் அந்த அமைப்பை எடுத்துவிட்டு, ஒரே தண்டான பின் ஆக்ஸிலைப் போட்டார்கள். டயர் தேய்மானம் குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஜிடி6-க்கு 1968-இல் இங்கிலாந்தில் கீழே ஒரு கை சேர்த்து, தனித்தனிச் சக்கரத்தைக் காப்பாற்றிக்கொண்டே மடங்குவதைச் சரிசெய்தார்கள். அந்த வழி இங்கே வராமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம். எழுபதுகளின் பிற்பகுதியில் கேஸலும் நின்றுபோனது.

இப்போது சேலம், ஈரோட்டுப் பையன்கள் பழைய ஹெரால்டுகளைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு பெயின்டைப் பற்றி நான் பேசுவதில்லை. பானட்டை முன்பக்கமாகத் தூக்கச் சொல்லி, முன்சக்கரத்துக்கு உள்ளே, கீழே இருக்கிற பித்தளை டிரன்னியனைக் காட்டுகிறேன். சக்கரம் திரும்பும் மரை அதற்குள்தான் இருக்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் முழுதாக இறங்காது. காய்ந்து துருப்பிடித்து, ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு முறியும், முன்சக்கரம் படுத்துவிடும். கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, ரப்பர் சீல் ஓரத்தில் கசியும்வரை அடித்தால் போதும்.