கணிப்பொறிக் காவலும் புதுப்பிக்கப்படும் விதிகளும்

இலக்கியம் முன்னே பிறக்கும்; இலக்கணம் அதன் பின்னே வரும். இது மன்றத்தார் அனைவரும் ஒப்பும் செய்தி. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் கடைசிச் சூத்திரத்தில், வழக்கொழிந்த சொற்கள் விலகவும் புதிய சொற்கள் வந்து சேரவும் காலத்தின் பெயரால் இசைவு தந்து நூலை நிறைவு செய்தார். நூல் முடிந்தாலும் மொழி முடிவதில்லை என்பதை இலக்கணம் வகுத்தவரே அறிந்திருந்தார். இதே முறைமையைக் கவிதையோடு சற்றும் உறவில்லாத ஒரு துறையிலும் காண்கிறோம். கணிப்பொறி வலையமைப்புகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைவோரைக் கண்டறியும் காவல் நிரல்களின் வரலாறு அத்தகையது. அங்கும் விதிகள் உண்டு. அவையும் பெரும்பாலும் குற்றம் நடந்த பின்னரே எழுதப்படுகின்றன. எழுதிய விதி ஓராண்டில், சில வேளைகளில் ஒரு வாரத்தில், பழையதாகிவிடுகிறது. அவற்றைப் புதுப்பித்தவர் யார், அது யார் செலவில் நடந்தது, புதுப்பிக்காத இடத்தில் என்ன நேர்ந்தது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

குயில் இட்ட முட்டை

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் 1980ஆம் ஆண்டு எழுதிய ஓர் அறிக்கையிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். கணிப்பொறி தன் அன்றாடச் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேடுகளைக் கொண்டே, உரிமையின்றி நுழைந்தவரையும் உரிமையை மீறியவரையும் அடையாளம் காணலாம் என்பது அவர் கருத்து. அக்கருத்து ஏட்டளவில் இருந்த காலத்திலேயே அதற்கு நடைமுறைச் சான்று ஒன்று கிட்டியது. 1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியல் அறிஞரான கிளிஃபர்ட் ஸ்டோல் அந்தச் சில்லறை வேறுபாட்டின் காரணத்தைத் தேடப் புகுந்தார். வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பூட்டி, வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் தாளில் இறக்கினார். பல மாதக் காத்திருப்பின் பின், தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது.

அவ்வனுபவத்தை அவர் 1989இல் 'தி குக்கூஸ் எக்' என்னும் நூலாக வெளியிட்டார். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நுழைந்தவன் அமைப்பின் நிரல் ஒன்றிருந்த இடத்தில் தன் நிரலை வைத்தான். அமைப்போ அதைத் தன்னுடையதாகவே எண்ணி இயக்கிவிட்டது.

1987இல் டாரதி டென்னிங் அம்மையார் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறைக்கு ஒரு கோட்பாட்டை அளித்தது. ஒவ்வொருவரின் வழக்கத்தையும் அறிந்துகொண்டால், வழக்கம் பிறழும்போது ஐயுறலாம் என்பது அதன் சாரம். மற்றொரு வழி, முன்பே அறிந்த குற்றத்தின் அடையாளத்தை எழுதிவைத்து, வருவனவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. விதிகளின் வழி இது. 1988 நவம்பர் 2ஆம் நாள் மோரிஸ் புழு கிளம்பி, அன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு எனக் கணிக்கப்பட்ட கணிப்பொறிகளை முடக்கிய பின்னர், தனிக் கணிப்பொறியைக் காப்பது போதாது, வழியையே காக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1990இல் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டாட் ஹெபர்லைன் முதலியோர் வலையில் ஓடும் தரவுகளையே உற்றுநோக்கும் கருவியைப் படைத்தனர்.

1998

அந்த ஓராண்டில் மூன்று செய்திகள் ஒன்றுகூடின. ஸ்டோல் பணியாற்றிய அதே பெர்க்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வெர்ன் பேக்ஸன் தம் 'ப்ரோ' என்னும் காவல் நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பெயர், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலில் எல்லோரையும் கண்காணிக்கும் பெரியண்ணனைக் குறிப்பது. கண்காணிக்கும் கருவிக்குள்ளேயே தனிமனித உரிமை மீறலும் ஒளிந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது என்றே அப்பெயர் வைக்கப்பட்டது. தாம் செய்த கருவிக்கு எச்சரிக்கையையே பெயராக வைத்த மனம் போற்றத்தக்கது. (2018இல் அப்பெயர் 'ஸீக்' என மாற்றப்பட்டது.)

அதே ஆண்டில் டாமஸ் டாசெக், திமதி நியூஷம் இருவரும் காவல் நிரல்களை ஏமாற்றும் வழிகளை ஆராய்ந்து எழுதினர். ஒரே தாக்குதலைச் சிறு துண்டுகளாக்கி முன்பின்னாக அனுப்பினால், காவல் நிரல் ஒருவகையாகவும் இலக்கான கணிப்பொறி வேறுவகையாகவும் அவற்றைக் கோத்துப் படிக்கும். ஒரே அடியைச் சீர் மாற்றிப் பிரித்தால் பொருள் மாறுவதை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. எழுத்தும் ஒன்றே, வரிசையும் ஒன்றே. பிரிக்கும் இடம்தான் வேறு.

அவ்வாண்டு டிசம்பரில் மார்ட்டின் ரோஷ் 'ஸ்நார்ட்' என்னும் சிறு நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். பன்றியின் உறுமலைக் குறிக்கும் சொல் அது. பின்னர் அதன் துணைக் கருவிகளுக்கெல்லாம் பன்றியை ஒட்டிய பெயர்களே அமைந்தன. நிரலைவிட அதன் விதிகள் எழுதப்பட்ட முறையே பெரிய மாற்றத்தைச் செய்தது எனலாம். ஒரு விதி பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கும். எங்கிருந்து எங்குச் செல்லும் தரவு என்பது அதன் தலை. பிறைக்கோட்டுக்குள் அடங்குவது அதன் உடல். உடலில், தேட வேண்டிய எழுத்துத் தொடர், கண்டால் அறிவிக்க வேண்டிய செய்தி, மேற்கோள், விதியின் வரிசை எண், அது எத்தனையாவது திருத்தம் என்பதைச் சொல்லும் எண் ஆகியவை நிற்கும். பெரிய நிரலாளர் ஆகாதவரும் அதைப் படிக்கலாம். ஒரு மாலைப்பொழுதில் எழுதவும் கற்கலாம். ஆகவே உலகெங்கும் விதி எழுதுவோர் பெருகினர். தாமே திருத்தப்படப் போவதை முன்கூட்டி ஒப்புக்கொண்டு, அதற்கென ஓர் எண்ணையும் தம்முள் சுமந்து நிற்கும் வரிகள் அவை.

எழுத்து ஒன்று மாறினால்

விதியை எவ்வாறு எழுத வேண்டும் என்பதை 2001ஆம் ஆண்டு கற்பித்தது. மைக்ரோசாஃப்டின் இணைய சர்வர் நிரலில் இருந்த ஓர் ஓட்டைக்கு ஜூன் மாதத்திலேயே திருத்தம் வெளியாகியிருந்தது. ஜூலை 19ஆம் நாள் 'கோட் ரெட்' புழு 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பற்றியது. அது அனுப்பிய கோரிக்கையில் 'என்' என்னும் ஆங்கில எழுத்து நீண்ட வரிசையாக நின்றது. ஆகஸ்டு தொடக்கத்தில் வந்த இரண்டாம் புழு அதே ஓட்டையில் நுழைந்தது. எழுத்து மட்டும் 'எக்ஸ்' ஆக மாறியிருந்தது. 'என்' வரிசையைத் தேடிய விதி இதைக் கண்டும் வாய் திறவாது. அளவுமீறி நீண்ட கோரிக்கையை, அதாவது ஓட்டையின் இயல்பை, நோக்கி எழுதிய விதியோ இரண்டையும் பிடிக்கும். திருடனின் முகத்தை வரைவது எளிது. உடைந்த கதவை விவரிப்பது கடினம். அவசரத்தில் முகமே வரையப்படுகிறது. பின்னர்ப் பொறுமையுடையவர் ஒருவர் வந்து கதவைப் பற்றி எழுதித் திருத்த எண்ணை ஒன்று கூட்டுகிறார். அந்த இரண்டாமவர் பெயர் பெரும்பாலும் எவருக்கும் தெரிவதில்லை.

பெயர் தெரிந்த ஒருவர் கதை வேறு. ஸ்நார்ட்டின் தொடக்க நாட்களில் தாக்குதல் அடையாளங்களைத் திரட்டி 'அராக்னிட்ஸ்' என்னும் தொகுப்பாக வைத்தவர், மேக்ஸ் விஷன் எனப் பெயர் சூட்டிக்கொண்ட மேக்ஸ் பட்லர். பல விதிகள் அத்தொகுப்பையே மேற்கோளாகக் காட்டின. இவரே 1998இல் அமெரிக்க அரசுக் கணிப்பொறிகளுள் புகுந்தவர். அவற்றில் இருந்த ஓட்டையை அடைத்து நல்லது செய்தவர், தாம் மட்டும் திரும்பி வரப் பின்கதவு ஒன்றையும் வைத்துச் சென்றார். 2001இல் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னாளில் கடன் அட்டைத் திருட்டுக்காக 2010இல் 13 ஆண்டுகள். அவர் சிறை சென்றபின் தொகுப்பு கவனிப்பாரின்றிக் கிடந்தது. விதிகள் மட்டும் பல ஆண்டுகள் அதையே மேற்கோள் காட்டி வந்தன. மூலம் அழிந்தபின் உரையில் மட்டும் பெயர் தங்கிய நூல்கள் நம் மொழியிலும் பல.

விரைவும் பொய்யொலியும்

2003 ஜனவரி 25 அன்று எழுந்த 'ஸ்லாமர்' புழு 376 பைட்டே நீளமுடையது. இக்கட்டுரையின் ஒரு பத்தியைவிடச் சிறியது! முதல் நிமிடத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை தன் எண்ணிக்கையை இரட்டித்தது; தாக்கத்தக்க கணிப்பொறிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு 10 நிமிடத்தில் வீழ்ந்தன. அந்த வேகத்துக்கு முன், விதியை எழுதிச் சோதித்து அனுப்பும் பேச்சே எழவில்லை. எனினும் அதன் ஓட்டைக்குத் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகிவிட்டது. ஆறு மாதக் காலம் கையில் இருந்தது.

மறு ஆண்டு 'விட்டி' புழு அந்த அவகாசத்தையும் தரவில்லை. ஓட்டை அறிவிக்கப்பட்ட இரண்டு நாட்களுக்குள், 2004 மார்ச்சில், அது வந்தது. அது தேடியது ஏனைய நிரல்களையல்ல, காவல் நிரல்களையே. ஓர் உரையாடல் சேவையின் தரவைப் பிரித்துப் படிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தன் கருவிகளில் சேர்த்திருந்த பகுதியில் பிழை இருந்தது. அதன் வழியே சுமார் 12,000 கணிப்பொறிகள் பற்றப்பட்டு அவற்றின் வட்டுகள் சிதைக்கப்பட்டன. காவலனுக்குக் கற்பித்த புதுப்பாடமே திருடனுக்கு வாயிலாயிற்று.

ஆகவே புதியன சேர்ப்பது மட்டுமே நன்மை என்று கொள்வதற்கில்லை. ஸ்டெஃபன் ஆக்ஸல்சன் 1999இல் காட்டிய ஒரு கணக்கை இங்கு நினைக்கலாம். ஒரு நாளில் 10 லட்சம் இணைப்புகள் வருகின்றன. அவற்றுள் 20 மட்டுமே தாக்குதல்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருமுறை மட்டும் பொய்யாக ஒலிக்கும் விதிகூட ஏறத்தாழ 10,000 முறை வீணே கூவும். அந்த ஆரவாரத்தில் உண்மையான 20 குரல்களை யார் பிரித்தறிவார்? காவலர் சலித்துக் காதைப் பொத்திக்கொள்வார். அன்றியும் விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் நிரல் திணறிப் பல தரவுகளைப் பாராமலே விட்டுவிடும். எனவே பழைய விதிகளைக் கழிப்பதும் புதுப்பித்தலின் பகுதியாயிற்று. அவற்றை அடியோடு அழிக்கவில்லை. 'நீக்கப்பட்டவை' என்னும் தனிக் கோப்பில் அடுக்கினர். சுவடி மனம் கொண்டோர் எங்கும் இருக்கிறார்கள்.

முப்பது நாள்

2005 மார்ச்சில் பெரும் விவாதம் எழுந்தது. ரோஷ் 2001இல் தொடங்கிய சோர்ஸ்ஃபயர் நிறுவனம், தன் ஆய்வாளர்கள் எழுதும் விதிகளைக் கட்டணம் செலுத்துவோர்க்கு உடனே தந்தது. பெயர் மட்டும் பதிந்துகொண்டோர்க்குக் காலந்தாழ்த்தித் தரும் முறையை வகுத்தது. அத்தாழ்வு பின்னர் 30 நாட்கள் என நிலைபெற்றது. நிரல் எப்போதும்போல் இலவசமே. பசுமையான விதிக்குத்தான் விலை. நிறுவனத்தின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு நாளும் புதிய ஓட்டைகளை ஆராய்ந்து, விதி எழுதி, பொய்யொலி இல்லாமல் சோதிப்பவர்க்கு ஊதியம் வேண்டும். அவ்விதிகளைத் தம் பெட்டிகளில் அடைத்து விற்ற வேறு நிறுவனங்கள் எதையும் திருப்பித் தரவில்லை என்பதும் மனக்குறையாக இருந்தது. மறுபக்கம், பிறர் இலவசமாக எழுதித் தந்த விதிகளின் மேலன்றோ இப்பெயர் எழுந்தது என்று கேட்டவர்களும் பொய் சொல்லவில்லை.

என் கருத்தில், உழைப்புக்கு விலை கேட்டது குற்றமன்று. ஆனால் காலத்தையே சரக்காக்கியபோது, பொருள் குறைந்த பள்ளிக்கும் சிற்றூர் மருத்துவமனைக்கும் அந்த முப்பது நாட்கள் திறந்த வாயிலாக நின்றன. அந்த இடைவெளியில் நின்றவர்கள் மேட் ஜாங்க்மன் முதலியோர். அவர்கள் முன்பே நடத்திவந்த 'ப்ளீடிங் ஸ்நார்ட்' என்னும் பொதுத் திரட்டு, பின்னர் 'எமர்ஜிங் த்ரெட்ஸ்' எனப் பெயர் பெற்றது. அங்கே விதிகள் அன்றன்று வந்தன. சில அரைகுறையாகவும் வந்தன. பயன்படுத்தியவர்களே குறை சொல்லித் திருத்தினர். காலப்போக்கில் அங்கும் கட்டணப் பிரிவு ஒன்று தோன்றியது. இலவசப் பிரிவும் நின்றது. 2010இல் 'சுரிகாட்டா' என்னும் புதிய நிரலின் முதற்பதிப்பு வந்தபோது அத்திரட்டு அதற்கும் விதிகள் தந்தது. 2013இல் சிஸ்கோ நிறுவனம் சோர்ஸ்ஃபயரை 270 கோடி டாலருக்கு வாங்கியது. எமர்ஜிங் த்ரெட்ஸ் 2015இல் புரூஃப்பாயின்ட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்னும் நிரற்பகுதியின் ஓட்டை வெளிப்பட்டது. அதன் பணி பதிவேடு எழுதுவது. ஆண்டர்சன் 1980இல் காவலுக்குக் கருவியாகக் கண்ட அதே பதிவேடுதான்! குறிப்பிட்ட நான்கு எழுத்துச் சொல் ஒன்றைப் பதிவேட்டில் விழுமாறு அனுப்பினால், எழுதும் நிரலே அந்நியர் கட்டளைக்குப் பணிந்தது. அச்சொல்லைத் தேடும் விதிகள் உடனடியாக வந்தன. கட்டணமில்லாத திரட்டிலும் வந்தன. சில நாட்களிலேயே தாக்குவோர் ஒவ்வோர் எழுத்தையும் 'இதைச் சிற்றெழுத்தாக்கு' என்னும் தனித்தனிக் கட்டளைக்குள் பொதிந்து அனுப்பினர். விதியின் கண்ணுக்குச் சிதறல்கள். லாக்4ஜேயின் வாயில் முழுச்சொல். 1998இல் டாசெக், நியூஷம் இருவரும் எழுதியது வேறுருவில் மீண்டது. விதிகள் திருத்தப்பட்டன, திருத்தத்தின் மேல் திருத்தம் வந்தது. ஓட்டையை அடைக்க வெளியிட்ட பதிப்பிலும் குறை கண்டு அம்மாதம் முடிவதற்குள் மேலும் மூன்று பதிப்புகளை வெளியிட்டனர்.