நட்பும் அதிகாரமும்: பிரெஞ்சு – ஜேர்மன் பாராளுமன்ற உறவுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசுகளுக்கிடையிலான உறவுகளின் வரலாறு பெரும்பாலும் மன்னர்களதும் அமைச்சர்களதும் தூதுவர்களதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் நாட்டெல்லை கடந்து தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட தொடர்புகள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. பாராளுமன்ற இராஜதந்திரம் என இன்று வழங்கும் இத்தொடர்புகள் குறித்து இரு வேறு கருத்துக்கள் நிலவுவதை அவதானிக்கலாம். பிரதிநிதிகள் கூடிப் பேசுவதே சமாதானத்துக்கு வழி என்பது தாராண்மைவாதிகளின் நம்பிக்கை. அவை விருந்தும் உரையும் கொண்ட வெறுஞ் சடங்குகள் என்பது முற்போக்காளர் பலரின் முடிபு. வரலாற்றினடியாக நோக்குமிடத்து இவ்விரண்டுமே குறைபாடுடையன. இருமுறை உலகப்போரில் எதிரெதிரே நின்று, பின்னர் நெருங்கிய நேச நாடுகளாக மாறிய பிரான்ஸ், ஜேர்மனி ஆகியவற்றின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகின்றது.

இத்தகைய தொடர்புகளின் தோற்றுவாயிலேயே இரு வர்க்கங்களின் சாயலைக் காண்கிறோம். 1889 ஜூன் மாத இறுதியிற் பாரிஸ் நகரிலே ஒன்பது நாடுகளின் சட்டமன்ற உறுப்பினர் கூடி, பின்னாளிற் பாராளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் எனப் பெயர்பெற்ற அமைப்புக்கு அடிகோலினர். முன்னின்றவர் இருவர். பிரெடெரிக் பாசி கட்டற்ற வர்த்தகத்தை ஆதரித்த பிரெஞ்சுப் பொருளியலாளர். வில்லியம் றண்டல் கிறீமர் பிரித்தானியத் தச்சுத் தொழிலாளி. 1864இல் லண்டனில் நிறுவப்பெற்ற முதலாம் அகிலத்தின் பொதுச்சபையில் மார்க்சோடு உடனிருந்து, அதன் செயலாளராகப் பணியாற்றியவர். 1889இல் அவர் லிபரல் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். அடுத்த மாதத்தில் அதே பாரிஸ் நகரிலேதான் இரண்டாம் அகிலமும் தோன்றிற்று. போரை நடுத்தீர்ப்பினால் தவிர்க்கலாமெனக் கருதிய போக்கும், போரின் வேர் முதலாளித்துவத்திலேயே உள்ளதெனக் கருதிய போக்கும் ஒரே காலத்தில் முகிழ்த்தமை மனங்கொள்ளத்தக்கது.

இவ்விரு போக்குகளும் ஒரே மண்டபத்திற் சந்தித்த நிகழ்ச்சி 1913 மே 11ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இடம்பெற்றது. 1871இல் எல்சாஸ்–லொறெய்ன் ஜேர்மனியுடன் இணைக்கப்பட்ட காலந்தொட்டு நீடித்த பகைமையின் நடுவே, இரு நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினரும் அங்கு கூடினர். பிரெஞ்சுத் தரப்பிற் பலர் வந்தனர். தாராண்மைவாதியான டெஸ்தூர்னெல் த கொன்ஸ்தானும் சோஷலிசத் தலைவர் ஜோரேயும் அவர்களுட் குறிப்பிடத்தக்கோர். ஜேர்மன் தரப்பில் வந்தோர் தொகை மிகக் குறைவு. அவருட் பெரும்பாலோர் பேபல் முதலான சமூக ஜனநாயகவாதிகள். ஜேர்மன் முதலாளித்துவக் கட்சிகள் விலகி நின்றமை, அச்சமயத்திற் சமாதானத்தை எந்த வர்க்கம் வேண்டி நின்றது என்பதைப் புலப்படுத்துகின்றது. ஆயுதப் போட்டியைக் குறைத்தல், பிணக்குகளை நடுத்தீர்ப்புக்கு விடுதல் ஆகியன அங்கு வற்புறுத்தப்பட்டன. நிலையான குழுவொன்றும் அமைக்கப்பட்டு, 1914 மே மாதத்திற் பாசெல் நகரில் மீண்டும் கூடிற்று.

ஆனால் அதே 1913இல் இரு நாட்டுச் சட்டமன்றங்களும் செய்தது யாது? ஜேர்மன் றைக்ஸ்ராக் ஜூன் மாத இறுதியிற் படைப்பெருக்கச் சட்டத்தை நிறைவேற்றிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஓகஸ்ட் மாதத்திற் கட்டாயப் படைச்சேவையை மூன்றாண்டாக நீடித்தது. ஜேர்மன் சமூக ஜனநாயகவாதிகள் படைப்பெருக்கத்தை எதிர்த்து வாக்களித்தனராயினும், அதற்கு வேண்டிய நிதியைத் திரட்டும் வரி செல்வந்தர்மீது விழுவதாற் கவரப்பட்டு, அவ்வரியை ஆதரித்தனர். கொள்கையளவில் மறுத்ததற்கு நிதியளவில் இசைந்த இம்முரண்பாடு பின்வந்த சரிவின் முன்னறிகுறியாயிற்று. மறுபுறத்தில் ஆயுத முதலாளிகளோ எல்லை கடந்து செயற்படுவதில் எவ்விதத் தயக்கமும் காட்டவில்லை. தனது இயந்திரத் துப்பாக்கிகளுக்கான அரசாங்கக் கட்டளைகளை அதிகரிக்கும்பொருட்டு, பிரான்ஸ் தன் துப்பாக்கிகளைப் பெருக்குகின்றதென்ற செய்தியைப் பிரெஞ்சுப் பத்திரிகையொன்றில் வெளியிடுவிக்க ஜேர்மன் ஆயுத நிறுவனமொன்று முயன்றதை, 1913 ஏப்ரலில் கார்ல் லீப்னெக்ற் றைக்ஸ்ராக்கில் அம்பலப்படுத்தினார்.

அவ்வாண்டின் இறுதியில் வேறொரு நிகழ்ச்சி, பாராளுமன்றத்தின் அதிகார எல்லையை வெளிக்கொணர்ந்தது. எல்சாசின் சாபேர்ன் நகரிற் படையினர் பொதுமக்களை இழிவுபடுத்தியும் சட்டத்துக்கு மாறாகக் கைதுசெய்தும் நடந்துகொண்டமையைக் கண்டித்து, 1913 டிசம்பர் 4ஆம் நாள் றைக்ஸ்ராக் 293க்கு 54 என்ற வாக்குகளால் தலைமை அமைச்சர் மீது நம்பிக்கையின்மையைத் தெரிவித்தது. அவர் பதவி விலகவில்லை. அவரை நியமிப்பவரும் நீக்குபவரும் கைசராகவே இருந்தனர். எனினும் வரவு செலவுத் திட்டமும் கடன்களும் றைக்ஸ்ராக்கின் இசைவின்றி நடைபெற இயலாதவை. ஆகவே அச்சபையிடம் இருந்த உண்மையான ஆயுதம் நிதி மறுப்பு ஒன்றே.

1914 ஜூலை 31ஆம் நாள் ஜோரே பாரிசிற் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 3ஆம் நாள் சமூக ஜனநாயகக் கட்சியின் பாராளுமன்றக் குழு 78க்கு 14 என்ற கணக்கிற் போர்க்கடனை ஆதரிக்க முடிவுசெய்தது. மறுநாள் அக்குழு சபையில் ஒருமுகமாக வாக்களித்தது. பிரெஞ்சுச் சோஷலிசவாதிகளும் அவ்வாறே செய்தனர். லீப்னெக்ற் தனித்து நின்று எதிர்த்து வாக்களித்தது டிசம்பர் 2ஆம் நாளிலேதான். பேர்ண் மாநாட்டைக் கூட்டுவதிற் பெரும்பங்கு கொண்ட மன்ஹைம் தொகுதி உறுப்பினர் லூத்விக் பிராங்க், போர்க்கடனை ஆதரித்ததோடு நில்லாது, தாமே விரும்பிப் படையிற் சேர்ந்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் பிரெஞ்சு லொறெய்னில் அவர் வீழ்ந்தார். அவரது நேர்மையை ஐயுற இடமில்லை. அதனாலேயே அவரது முடிவு ஆழ்ந்த சிந்தனைக்குரியது. எல்லை கடந்த மண்டபத்தில் வளர்ந்த நட்பு, சொந்தச் சபையின் வாக்காக மாறாதவிடத்து, அந்நட்பை வளர்த்தவரையே காக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிலைமைகள் மாறின. 1951இல் ஒப்பமிடப்பட்ட நிலக்கரி – உருக்குச் சமூக உடன்படிக்கை, முன்பு போட்டியிட்ட இரு நாட்டுக் கனரகக் கைத்தொழில்களை ஒரே சந்தைக்குட் கொண்டுவந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தலைமையும் சோவியத் முகாம் பற்றிய அச்சமும் மேற்கு ஐரோப்பிய முதலாளித்துவத்தை ஒன்றுபடுத்தின. இப்பொருளாதார அடித்தளத்தின் மீதே 1963 ஜனவரி 22ஆம் நாள் த கோலும் அடனோவரும் எலிசே உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அரசுத் தலைவர்களும் அமைச்சர்களும் குறித்த கால இடைவெளிகளிற் சந்திக்க வேண்டுமென விதித்த அவ்வுடன்படிக்கை, பாராளுமன்றங்களுக்கு அத்தகைய இடமெதனையும் அளிக்கவில்லை.

எனினும் அதன் பொருளை மாற்றியமைத்தது பாராளுமன்றமே. பிரித்தானியா பொதுச்சந்தையிற் சேர்வதை த கோல் 1963 ஜனவரி 14ஆம் நாள் மறுத்திருந்தார். அமெரிக்க மேலாதிக்கத்துக்குப் புறம்பானதோர் ஐரோப்பாவை உருவாக்குவதே அவர் நோக்கம். மே 16ஆம் நாள் உடன்படிக்கையை அங்கீகரித்த ஜேர்மன் புண்டஸ்ராக், அங்கீகாரச் சட்டத்துக்கு ஒரு முகவுரையைச் சேர்த்தது. ஐக்கிய அமெரிக்காவுடன் நெருங்கிய கூட்டு, நேட்டோவுக்குட் பொதுப் பாதுகாப்பு, பிரித்தானியாவின் சேர்க்கை, வர்த்தகத் தடைகளின் குறைப்பு ஆகியன அதில் வலியுறுத்தப்பட்டன. உடன்படிக்கையின் ஒரு வாசகமேனும் மாறவில்லை; அதன் அரசியற் பயனோ மாறிவிட்டது. ஏற்றுமதியை நம்பியிருந்த மேற்கு ஜேர்மன் முதலாளித்துவத்தின் நலனும், பாதுகாப்புக்கு வாஷிங்டனை நாடிய அரசியலும் அம்முகவுரையிற் குரல்பெற்றன. அதன் உள்ளடக்கத்தை நாம் வரவேற்க வேண்டியதில்லை. ஆயினும், தன் அதிகாரத்தை உள்நாட்டிற் பயன்படுத்தும் சட்டமன்றம் நேச நாட்டு உறவின் திசையையே மாற்றவல்லது என்பதை அது நிறுவுகின்றது.

பிற்காலத்தில் நேரடித் தொடர்புகள் பெருகின. 2003 ஜனவரி 22ஆம் நாள், ஈராக் மீதான போர் நெருங்கிய வேளையில், இரு நாட்டுப் பிரதிநிதிகளும் வெர்சாயில் ஒன்றாக அமர்ந்தனர். 1871இல் ஜேர்மன் பேரரசு பிரகடனஞ் செய்யப்பட்டதும் 1919இல் ஜேர்மனி மீது உடன்படிக்கை சுமத்தப்பட்டதும் அதே வெர்சாயிலேதான். 2019 மார்ச் 25ஆம் நாள் பிரெஞ்சு – ஜேர்மன் பாராளுமன்றப் பேரவை நிறுவப்பெற்றது. பிரெஞ்சுத் தேசிய சபையிலிருந்து 50 பேரும் புண்டஸ்ராக்கிலிருந்து 50 பேருமாக 100 உறுப்பினரைக் கொண்ட இப்பேரவை, ஆண்டுக்கு இருமுறையேனும் கூட வேண்டியது. உடன்படிக்கைகளின் நிறைவேற்றத்தைக் கண்காணிப்பதும் அமைச்சர்களை வினாவுவதும் அதன் பணிகள். அதன் தீர்மானங்களோ எவரையும் கட்டுப்படுத்துவன அல்ல.

ஓராண்டுக்குள் இக்குறை வெளிப்பட்டது. 2020 மார்ச் 16ஆம் நாள், கொள்ளைநோயை முன்னிட்டு, ஜேர்மனி பிரெஞ்சு எல்லையிற் கட்டுப்பாடுகளை விதித்தது. நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்குச் சென்ற தொழிலாளரே அதனாற் பெரிதும் இடர்ப்பட்டனர். எல்லைப்புற உறுப்பினர்கள் கட்டுப்பாடுகளை நீக்குமாறு கோரினர். அவை ஜூன் நடுப்பகுதியிலேதான் முடிவுற்றன. துன்பத்தை எடுத்துரைக்கும் மேடை இருந்தது. கட்டளையை மாற்றும் அதிகாரம் அமைச்சுகளிடமே இருந்தது.

இவ்வரலாறு தரும் அளவுகோல் தெளிவானது. பேர்ணிற் சந்திப்பு இருந்தது. அதனைத் தாங்கும் வாக்கு இல்லை. 1963இற் சந்திப்பின்றியே வாக்கு இருந்தது. அது ஆளும் வர்க்கத்தின் நலனுக்கே பயன்பட்டது. 2019இன் பேரவையிற் சந்திப்பு நிறுவனமாயிற்று. அதிகாரம் அதனோடு வரவில்லை. பாராளுமன்ற நட்புறவுச் சங்கங்கள் பலவற்றைக் கொண்ட நம் நாட்டிலும் இவ்வளவுகோல் பொருந்தும். அவற்றின் உறுப்பினர் எத்தனை முறை பயணஞ் செய்தனர் என்பது இரண்டாம்பட்சமானது. கடன், வர்த்தகம், படைத்துறை ஆகியன பற்றிய உடன்படிக்கைகள் சபைக்கு வரும்போது அவர்கள் எவற்றை வினவினர், எவற்றுக்கு இசைந்தனர், எவ்வர்க்கத்தின் சார்பில் வாக்களித்தனர் என்பனவே ஆய்வாளன் எழுப்ப வேண்டிய வினாக்கள். உழைக்கும் மக்களின் அமைப்புரீதியான பலம் பின்னின்று உந்தாதவிடத்து, மக்கள் பிரதிநிதிகளின் நட்பு அரசுகளின் நட்புக்கு அணிகலனாகவே அமையும்.