கடலின் நீலமும் முத்தின் நீரோட்டமும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் கேட்ட அன்பர்கள், கொற்கையைப் பற்றியே எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியை, அதிலும் தூத்துக்குடிக்காரி, வேறென்ன எழுதுவாள்! கொற்கை முத்தை அகநானூறும் ஐங்குறுநூறும் பாடின. கிரேக்க மாலுமி ஒருவன் தன் பெரிப்ளூசு நூலில் குறித்து வைத்தான். நாமும் மேடைதோறும் பேசிவிட்டோம். முத்து எவ்வாறு ஒளிர்கிறது என்று மட்டும் நம்மில் எவரும் கேட்டதாக நினைவில்லை. அவ்வாறு கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர் சர் சி.வி. இராமன்.

1888 நவம்பர் 7ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்த இராமன், கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியரின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயிலும்போதே, 1906இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. 1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அங்குள்ள அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. 1917இல் அரசுப் பதவியைத் துறந்து பேராசிரியரானார்.

நம் கதை தொடங்குவது 1921இல், கப்பல் தளத்தில். ஆக்சுபோர்டு மாநாட்டுக்குக் கடல்வழி சென்ற இராமனை மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் ஆட்கொண்டது. கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று இராலே பிரபு சொல்லியிருந்தார்.  இராமனிடம் இருந்த கருவியோ கையடக்கமான நிக்கல் பட்டகம் ஒன்றுதான். குறிப்பிட்ட சாய்வில் நீர்ப்பரப்பைப் பட்டகத்தின் வழியே நோக்கினால், அப்பரப்பில் பட்டு மீளும் வானொளியை அணைத்துவிடலாம். நம் பழைய துறைமுகக் கரையில் முற்பகலில் நின்றவர்க்கு அந்தக் கண்கூசும் பளபளப்பு எத்தகையது எனத் தெரியும். இராமன் அதை அணைத்தார். வானம் மறைந்தது, நீலம் மறையவில்லை, முன்னிலும் செறிந்து தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன எனக் கண்டு, ‘நார்குண்டா’ கப்பல் பம்பாய்த் துறையை அடைந்தபோது, செப்டம்பர் 26ஆம் நாளிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். நீர் செந்நிற ஒளியைச் சிறிது உட்கொள்வதும் அந்நீலத்துக்குப் பெருங்காரணம் என்பதை இன்று அறிவோம். அவர் அன்று சொன்னது முழுவிடை அன்று. எனினும் கடல் வானத்தின் வெறும் கண்ணாடி என்ற கருத்து அக்கடிதத்தோடு போயிற்று.

அச்சிதறலைத் தொடர்ந்து சென்றதன் பயனே 1928 பிப்ரவரி 28இல் கண்ட ‘இராமன் விளைவு’. சிதறிய ஒளியில் ஒரு சிறுபகுதி தன் நிறமே மாறி வருகிறது என்பது அதன் சாரம். முதல் அறிக்கையில் இருவர் பெயர் இருந்தன. மற்றவர் நம் தென்பாண்டி நாட்டு வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்து, முடிவிலாத் தொடர்களைப் பற்றிய கணிதமும் எழுதிய பேரறிஞர் அவர். 1930இன் நோபல் பரிசு ஒருவருக்கே சென்றது. பெயரும் அவ்வாறே நிலைத்தது. வத்திராயிருப்புக்கும் அதில் பங்குண்டு என்பதை நம் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

சிப்பிகள் இராமனை ஈர்த்தது பின்னர். 1934இல் தாம் நிறுவிய அறிவியல் கழகத்தின் இதழில் சிப்பிகளின் வண்ணங்களைப் பற்றி எழுதினார். 1954இல் பெங்களூரில் டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து முத்தையே எடுத்துக்கொண்டார். முத்து ஒரு மணி அன்று, அடுக்கு. அரகோனைட்டு என்னும் சுண்ணப் படிகத் தகடுகள், ஒளியின் அலைநீளத்தை ஒத்த மென்மையுடன், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. ஒவ்வொரு படலத்திலும் சிறிதளவு ஒளி மீள்கிறது. மீண்ட அலைகள் தம்முள் கூடியும் குலைந்தும் வண்ணமாகின்றன. உள்ளே பரவிச் சிதறும் ஒளியோ தனியொரு மென்னிறத்தைத் தருகிறது. மணியின் ஒளிக்கு நம் முன்னோர் ‘நீரோட்டம்’ என்று பெயரிட்டனர். அகத்தே ஓடி வெளிப்படுவது அது என்பதை அச்சொல் அறிந்திருந்தது போலும்.

மன்னார் வளைகுடாவின் நம் கரையில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மூச்சடக்கி மூழ்கிய பரதவர் கைகள், இராமனின் கட்டுரை வெளிவந்த ஆண்டுகளையொட்டியே கடைசிச் சிப்பிகளை எடுத்துக்கொண்டிருந்தன.

காரணம் அறிந்தால் கவிதை கெடும் என்பார் நம்மிடையே உண்டு. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சிப்பியின் உட்புறத்தை மெழுகில் அழுத்தினால் வண்ணம் மெழுகுக்கும் ஏறுகிறது என்று 1814இல் புருசுடர் கண்டறிந்ததைப் படித்து, வீட்டிலிருந்த சிப்பியொன்றைக் கறுப்பு அரக்கில் அழுத்திப் பார்த்தேன். மேற்பரப்பின் நுண்வரிகள் பதிந்து, அரக்கு ஒரு பக்கம் சாய்த்தால் பச்சையும் மறுபக்கம் சாய்த்தால் சிவப்புமாக மின்னியது. சிப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். வரிகளின் வண்ணம் வந்திருந்தது. நீரோட்டம் சிப்பியிலேயே இருந்தது.