சட்டாம்பிள்ளை கற்ற பாடம்

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொரு மாணவன் இருந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆசிரியர் இல்லாத வேளையில் இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் அவனே. அவனுக்கெனத் தனிப் பயிற்சி ஏதுமில்லை. ஆசிரியர் எழுத்தை எவ்வாறு அறிமுகம் செய்தார், பிள்ளைகள் எங்கே தடுமாறினர் என்பவற்றை நாள்தோறும் அருகிருந்து கண்டதே அவன் பெற்ற பயிற்சியாகும்.

இம்முறைக்கு நம் மரபில் இலக்கணமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசானிடம் கேட்பதால் புலமையில் காற்பங்கும், உடன் பயில்வோரோடு பழகுவதால் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என வகுத்தார்.

1789இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் பிள்ளைகளின் ஆதரவில்லத்துப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளையோருக்கு எழுத்தறிவிக்க அமர்த்தினார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது.

ஆயினும் அங்கே பெருந்தொகையான பிள்ளைகளைச் சில சிறுவரிடம் ஒப்படைத்தபோது, பொருளுணராது ஒப்பிப்பதே பாடமாயிற்று. கண்டதை அவ்வாறே செய்பவனிடம் ஆசிரியரின் திறமையோடு பிரம்பும் வந்து சேரும் அன்றோ? இக்குறை நீங்க, 1846இல் இங்கிலாந்தில் 13 வயது மாணவரை ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரின் கீழ்ப் பழக்கும் ஏற்பாடு வந்தது. சென்னையில் 1856இல் தோன்றிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியே பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 2015இல் நாடெங்கும் கல்வியியல் பட்டப் படிப்பு இரண்டாண்டாக நீண்டபோது, பள்ளியிலிருந்து பழகுவதற்கு 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. ஆசிரியராக விழைபவர் வகுப்பில் அமர்ந்து ஆசிரியரை மட்டும் நோக்கினால் போதாது; கற்கும் பிள்ளையின் முகத்தையும் நோக்குதல் வேண்டும். முன்னது செய்முறையைக் காட்டும்; பின்னது அம்முறை பலித்ததா என்பதைக் காட்டும்.

வடபுலத்தில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. இந்தி எழுத்தில் ‘க’வுக்கும் அதன் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. அதிற் பழகிய குழந்தை, ‘கல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ஒரே எழுத்து இருவகையாய் ஒலிப்பது கண்டு திகைக்கிறது. தமிழ்நாட்டில் படித்து வந்த நம்மில் பலர்க்கு அத்திகைப்பு தோன்றுவதே இல்லை. பின்வரிசையில் அமர்ந்து உற்று நோக்குபவருக்கே அது புலனாகும்.

ஆதலின், இங்கே வளர்ந்த நம் இளைஞரைச் சங்கத்தின் தமிழ் வகுப்புகளில் சில வாரங்கள் அமரச் செய்வோம். அதே திகைப்பைத் தாமும் கடந்து வந்த அவர்களே நாளைய பிள்ளைகளுக்கு ஏற்ற ஆசிரியர் ஆவர்.