எட்டாம் எண் சட்டைக்காரர்

1971 செப்டம்பர் 19, நியூ ஆர்லியன்ஸ் நகரின் துலேன் மைதானம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று முடியும் தறுவாயிலும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிதான் முன்னிலையில் இருந்தது. உள்ளூர் அணியான செயின்ட்ஸின் புது குவார்ட்டர்பேக், பந்தை யாருக்கும் எறியாமல் தானே இறுக அணைத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். 24–20. ஆர்ச்சி மானிங்குக்கு அது முதல் தொழில்முறை ஆட்டம். பிறந்து நான்கே வருடமான, தோல்வி தவிர வேறெதுவும் அறியாத அந்த அணிக்கு விடிவுகாலம் வந்துவிட்டதென்று ஊரே நம்பியது.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்திலேயே அவர் நாயகன்; செயின்ட்ஸில் எட்டாம் எண் அணிந்தவர் அங்கே அணிந்த சட்டையின் எண் 18. அதற்கு மரியாதையாக அந்த வளாகத்தின் பெரும்பாலான சாலைகளில் இன்றும் மணிக்கு 18 மைல்தான் வேக வரம்பு.

குவார்ட்டர்பேக் கையில் பந்து தங்குவது இரண்டு மூன்று நொடிகள். அந்த நொடிகளை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் முன்னே அரணாக நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள். அந்த அரண் செயின்ட்ஸில் ஓட்டை. பந்தை எறிய ஆள் தேடுவதற்குள் எதிரணியினர் மேலே விழுந்து சாய்த்துவிடுவார்கள். தன் விளையாட்டு வாழ்வில் மானிங் இப்படி ஏறத்தாழ 400 முறை சாய்க்கப்பட்டார். தோள்பட்டை அறுவை சிகிச்சையால் 1976 பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். 1978இல் அவர் இருந்த என்.எஃப்.சி. பிரிவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அந்த ஆண்டும் அணிக்கு 7 வெற்றி, 9 தோல்வி.

1980தான் என்னால் ஆறவே முடியாத ஆண்டு. முந்தைய பருவத்தில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடிய சக் மன்சியை, பருவம் தொடங்கிய கையோடு சான் டியாகோவுக்குக் கொடுத்துவிட்டது நிர்வாகம். ஓடுவதற்கு ஆளில்லை என்று தெரிந்தால் எதிரணிக்கு என்ன கவலை? அத்தனை பேரும் மானிங்கைக் குறிவைத்தார்கள். அப்படியும் 3,716 கெஜம் எறிந்தார், அவர் வாழ்விலேயே அதிகம். அணியோ 16 ஆட்டங்களில் 15ஐத் தோற்றது. டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 35–7 என்று முன்னிலை. அதையும் காக்க முடியாமல் கூடுதல் நேரத்தில் 38–35 எனப் பறிகொடுத்தார்கள். சொந்த ஊரின் சூப்பர்டோம் அரங்கில் ரசிகர்கள் வெட்கம் தாளாமல் காகிதப் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் வெற்றி தோல்விகளைக் குவார்ட்டர்பேக்கின் பெயரிலேயே எழுதிவைப்பது வழக்கம். ஆடிய மூன்று அணிகளுக்கும் சேர்த்து மானிங் கணக்கில் 35 வெற்றி, 101 தோல்வி, 3 சமன். அநியாயமான கணக்கு இது. தோற்ற அணிகளின் கடனையெல்லாம் ஒரே ஆள் தலையில் ஏற்றியிருக்கிறது.

1982இல் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள்; பிறகு மினசோட்டா. 1984 பருவத்தோடு ஆட்டம் முடிந்தது. செயின்ட்ஸ் தன் முதல் வெற்றிகரமான பருவத்தைக் கண்டதோ 1987இல்.

2004இல் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுத்தபோது, ஆர்ச்சியின் இளைய மகன் ஈலை மானிங்கை முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை, முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்கள் தோற்றிருந்த சான் டியாகோவிடம் இருந்தது. அங்கே ஆடமாட்டேன் என்றார் மகன். தகப்பன் தூண்டிவிட்டார் என்று பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அப்படியே தூண்டியிருந்தாலும், தோற்கும் அணிக்குப் போகாதே என்று சொல்லும் தகுதி அமெரிக்காவில் அவரைவிட வேறு யாருக்கு இருந்தது? சான் டியாகோ பிடிவாதமாக ஈலையைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றிக்கொடுத்தது.

(தொடரும்)